தரைவழித் தொலைபேசியை விட்டு இணையவழி அழைப்புக்கு மாறலாமா?

வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் நெடுநாளாக இருந்துவரும் தரைவழித் தொலைபேசியை எடுத்துவிட்டு, எல்லா அழைப்புகளையும் இணையத்தின் வழியாகவே வைத்துக்கொள்ளலாமா, அதனால் என்ன நன்மை, என்ன தீமை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோர் மாறலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் பழைய இணைப்பில் தொலைபேசி நிறுவனம் நமக்குத் தெரியாமலேயே செய்துவந்த சில வேலைகள், மாறிய நாளிலிருந்து உங்கள் பொறுப்பாகிவிடும். கருவிக்கு மின்சாரம் கொடுப்பது, குரலுக்கென்று ஒரு வழியை ஒதுக்கி வைப்பது, அழைப்பவர் எந்த முகவரியில் இருக்கிறார் என்பதை அறிந்திருப்பது, இந்த எண் இன்னாருடையது என்று உறுதி செய்வது ஆகிய அனைத்தும் அந்தச் செம்புக் கம்பியோடு சேர்ந்தே வந்தன. இணையவழி அழைப்பில் குரல் அந்தக் கம்பியை விட்டுப் பிரிந்துவிடுகிறது. செலவு குறைவதும் எங்கிருந்து வேண்டுமானாலும் பேச முடிவதும் அந்தப் பிரிவினால்தான். மின்தடையின்போது தொலைபேசி செத்துப்போவதும், ஆபத்து நேரத்தில் அழைப்பவரின் இடம் தெரியாமல் போவதும் அதே பிரிவினால்தான்.

இணையவழி அழைப்பு என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட சேவைகள் இருந்துவருவதால், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப், சிக்னல், ஃபேஸ்டைம் போன்ற செயலிகள் ஒரு வகை. இவற்றின் மூலம் சாதாரணத் தொலைபேசி எண்ணை அழைக்க இயலாது, மறுமுனையில் இருப்பவரும் அதே சேவையில் இருக்க வேண்டும். இரண்டாவது வகை, முறையான தொலைபேசி எண் ஒன்றைக் கொடுத்து, உங்கள் இணைய இணைப்பை உலகத் தொலைபேசி வலைப்பின்னலோடு இணைத்துவைக்கும் சேவை. அலுவலகங்கள் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். மேசைமேல் வைக்கும் ஐபி தொலைபேசியோ, கணினியிலும் கைப்பேசியிலும் நிறுவும் மென்பொருளோ இருந்தால் போதும். மூன்றாவது, கைப்பேசி நிறுவனங்களே தங்கள் 4ஜி வலையில் தரும் வோல்ட்இ (VoLTE) என்ற குரல் சேவை. அதுவும் குரலைத் தரவுப் பொதிகளாக, அதாவது தனித்தனியே பயணம் செய்யும் சிறு தரவுத் துண்டுகளாகத்தான் அனுப்புகிறது என்றாலும், நிறுவனம் தன் சொந்த வலையில் குரலுக்குத் தனி முன்னுரிமை கொடுத்துவிடுவதால், பொது இணையத்தின் நெரிசல் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கீழே நான் சொல்வதெல்லாம் முதல் இரண்டு வகைகளைப் பற்றியது.

குரல் எப்படிப் பயணம் செய்கிறது என்பது தெரிந்துவிட்டால், குறை நிறைகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும். பழைய முறையில் மறுமுனையில் எடுத்தவுடன், பேச்சு முடியும்வரை உங்கள் இருவருக்கு மட்டுமே உரிய ஒரு பாதை ஒதுக்கப்பட்டது. இருவரும் மௌனமாக இருந்தாலும் அந்தப் பாதையை வேறு யாரும் தொட முடியாது. இணையத்தில் அத்தகைய ஒதுக்கீடு கிடையாது. தொலைபேசித் துறையில் 1972 முதல் வழங்கிவரும் ஜி.711 என்ற குறியீட்டு முறையை எடுத்துக்கொள்வோம். அது குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. ஆக வினாடிக்கு 64 கிலோபிட். அதை வழக்கப்படி 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு 160 பைட் இருக்கும். முகவரி, வரிசை எண், நேரக்குறி ஆகியவற்றுக்காக அதன் முன்னால் இன்னும் 40 பைட் சேர்கிறது. இவ்வாறு வினாடிக்கு 50 பொதிகள் உங்களிடமிருந்து போகின்றன, 50 பொதிகள் உங்களிடம் வருகின்றன. ஒரு பொதி வழியில் தொலைந்தால் அதைத் திரும்பக் கேட்டுப் பெற நேரமில்லை. அது வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். ஆகவே, மின்னஞ்சலுக்கும் வலைப்பக்கத்துக்கும் இருக்கிற 'தொலைந்ததை மீண்டும் அனுப்பு' என்ற ஏற்பாட்டை விட்டுவிட்டு, உத்தரவாதம் இல்லாத, ஆனால் காத்திருக்க வைக்காத யூடிபி முறையிலேயே குரல் பெரும்பாலும் அனுப்பப்படுகிறது.

இது புதிய எண்ணமும் அன்று. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் டேனி கோஹன் முதலியோர் 1974-இலேயே குரலைப் பொதிகளாக அனுப்பிக் காட்டினார்கள். 1995-இல் வோக்கல்டெக் நிறுவனத்தின் மென்பொருள் அதைச் சாதாரணக் கணினி வைத்திருப்பவர்களிடம் கொண்டுவந்தது. 2003-இல் ஸ்கைப் வந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு மணிக்கணக்காகப் பேசுவது குடும்பங்களின் அன்றாடப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

செலவு குறைவு என்பதை எல்லோரும் அறிவார்கள். ஏன் குறைவு என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பழைய கட்டணங்கள் தூரத்தையும் நேரத்தையும் கொண்டு கணக்கிடப்பட்டன, ஏனெனில் ஒதுக்கப்பட்ட பாதையின் நீளமும் அது ஒதுக்கப்பட்டிருந்த நேரமும் உண்மையிலேயே செலவாக இருந்தன. இணையத்துக்கு நீங்கள் மாதக் கட்டணம் செலுத்திவிட்டால், அடுத்த தெருவுக்குப் போகும் பொதிக்கும் அடுத்த கண்டத்துக்குப் போகும் பொதிக்கும் உங்கள் கணக்கில் வேறுபாடு இல்லை. ஆனால் இந்த இலவசம் இணையத்துக்குள்ளேயே தொடங்கி இணையத்துக்குள்ளேயே முடியும் அழைப்புக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் இணையத்திலிருந்து ஒரு சாதாரண எண்ணை அழைத்தால், அந்த எண்ணை வைத்திருக்கும் நிறுவனம் அழைப்பைக் கொண்டு சேர்ப்பதற்குக் கட்டணம் கேட்கும். அது உங்கள் பட்டியலில் நிமிடக் கணக்காக வந்து சேரும். சில நாடுகளின் கைப்பேசி எண்களுக்கு அந்தக் கட்டணம் கணிசமாகவே இருக்கும். ஆகவே ஒரு சேவையை வாங்கும் முன், நீங்கள் அடிக்கடி அழைக்கும் நாடுகளின் கட்டணத்தைத் தரைவழி எண்ணுக்குத் தனியாகவும் கைப்பேசி எண்ணுக்குத் தனியாகவும் பார்க்க வேண்டும். அடுத்து, தரவுச் செலவு. ஜி.711 முறையில் இரு திசையும் சேர்த்து ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறத்தாழ 1.2 மெகாபைட் ஆகும். புதிய முறைகளில் அதில் பாதியே போதும். ஒரு மணி நேரக் குரல் அழைப்பு நூறு மெகாபைட்டை எட்டுவது அரிது. பலருடைய தரவு திடீரெனத் தீர்ந்துபோவதற்குக் காரணம் காணொளி அழைப்பு. அதைக் குரல் அழைப்பின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

குரலின் தெளிவு பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம் தவறானது. இணையத்தில் பேசினால் குரல் மோசமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இணைப்பு நன்றாக இருக்கும்போது நிலைமை நேர்மாறானது. பழைய தொலைபேசி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. மனிதப் பேச்சில் 'ஸ', 'ஃப' போன்ற காற்றொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் தொலைபேசியில் ஒரு பெயரையோ ஆங்கில எழுத்துகள் கலந்த கணக்கு எண்ணையோ சொல்லும்போது எஸ் என்பதும் எஃப் என்பதும் ஒன்றாகவே கேட்டு, இரண்டு மூன்று முறை திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2012-இல் திறந்த தரமாக வெளியான ஓபஸ் என்ற குறியீட்டு முறை, மனிதச் செவி கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரை எடுத்துச் செல்லக்கூடியது; இணைப்பு நலிந்தால் வினாடிக்கு 6 கிலோபிட் வரையிலும் இறங்கிவரும். இன்றைய செயலிகளிலும் உலாவிவழி அழைப்புகளிலும் மிகப் பரவலாக இருப்பது இதுதான். செவித்திறன் குறைந்த பெரியவர்களோடு இரண்டு முறையிலும் பேசிப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: மறுமுனை பழைய தொலைபேசியாக இருந்தால், பொதுவாக உங்கள் குரலும் அந்தப் பழைய வரம்புக்குள் சுருங்கித்தான் போய்ச் சேரும்.

அலுவலகத்துக்குக் கிடைக்கும் வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண் கட்டடத்தோடு கட்டப்பட்டிருப்பதில்லை. வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ அலுவலக எண்ணிலேயே பேசலாம், அலுவலகம் இடம் மாறினாலும் எண் மாறாது. அழைப்பைப் பிரித்துவிடுதல், வரிசையில் நிறுத்துதல், குரலஞ்சலை மின்னஞ்சலாகப் பெறுதல், பலர் கூடிப் பேசுதல் ஆகியவற்றுக்கு முன்பு தனி இயந்திரம் ஒன்றும் அதைப் பராமரிக்க ஒருவரும் தேவைப்பட்டார்கள். இப்போது அவை வெறும் அமைப்புகளாகிவிட்டன. ஒருவர் புதிதாகப் பணியில் சேர்ந்தால் சுவரில் கம்பி இழுக்க வேண்டியதில்லை.

இனி, குறைகளுக்கு வருகிறேன். இவற்றில் முதலாவதும் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் தாமதம்தான். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கு ஒலி போய்ச் சேர 150 மில்லிவினாடிக்குள் ஆனால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்றும், 400 மில்லிவினாடியைத் தாண்டினால் ஏற்கத்தக்கதன்று என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் என்ன நேர்கிறது என்பதை நீங்கள் நிச்சயம் அனுபவித்திருப்பீர்கள். ஒருவர் பேசி நிறுத்துகிறார், பதில் வரவில்லை என்று நினைத்து மீண்டும் தொடங்குகிறார், அதே நேரத்தில் மற்றவருடைய பதில் வந்து மோதுகிறது, இருவரும் நிறுத்துகிறார்கள், இருவரும் 'நீங்கள் சொல்லுங்கள்' என்கிறார்கள். ஒரு சொல்கூடத் தேயாமல் தெளிவாகக் கேட்டாலும் அந்த உரையாடல் களைப்பைத் தரும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இணையம் பெறுபவர்களுக்கு, மேலே போய்க் கீழே வருவதற்கு மட்டுமே கால் வினாடி ஆகிவிடுகிறது; எந்தச் சேவையை வாங்கினாலும் அதைக் குறைக்க வழியில்லை. ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் அளவில் சுற்றும் தாழ்நிலைச் செயற்கைக்கோள்களில் அந்தச் சிக்கல் இல்லை.

தாமதம் சீராக இருந்தால்கூட ஒருவாறு சமாளிக்கலாம். பொதிகள் ஒழுங்கற்று வந்து சேர்வதுதான் பெருந்தொல்லை. இதை ஜிட்டர் என்பார்கள். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் வீட்டுக்குள் ஒரே சீராக வருவதற்காக மாடியில் தொட்டி வைப்பதுபோல, பெறும் முனையில் பொதிகளைச் சிறிது நேரம் சேர்த்துவைத்து வெளியிடும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வருகை மேலும் ஒழுங்கற்றுப் போனால் அதிக நேரம் சேர்த்துவைக்க வேண்டும், அதனால் தாமதம் கூடும். சேர்த்துவைக்காவிட்டால் நேரத்துக்கு வராத பொதிகள் வீசப்பட்டுக் குரல் உடையும். இந்த இரண்டில் ஒன்றை ஏற்றுத்தான் ஆகவேண்டும். ஒன்றிரண்டு பொதிகள் தொலைந்தால் மென்பொருள் முந்தைய ஒலியைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடும், நமக்குத் தெரியாது. தொடர்ச்சியாகப் பல பொதிகள் போனால்தான் இயந்திரக் குரல் போன்ற அந்த நடுக்கம் கேட்கிறது.

இங்கே இணைய வேகத்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் மக்கள் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான். ஓர் அழைப்புக்கு, பொதியின் முன்னால் சேரும் முகவரி முதலியவை எல்லாம் சேர்த்து, ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. எனவே குரல் உடைகிறது என்பதற்காக நூறு மெகாபிட் திட்டத்தை முந்நூறுக்கு உயர்த்துவதால் பெரும்பாலும் பயனில்லை. நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் காலையெல்லாம் அழைப்புகள் பிழையின்றி இருக்கும். பிற்பகலில் மட்டும் வாடிக்கையாளர்கள் 'உங்கள் குரல் விட்டுவிட்டு வருகிறது' என்பார்கள், ஆனால் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு வாடிக்கையாளரின் குரல் நன்றாகவே கேட்கும். வெளியே போகும் குரல் மட்டும் உடைகிறது என்றால், பதிவேற்றப் பாதை நிரம்பியிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில்தான் கணினிகளின் கோப்புகள் அனைத்தும் மேகச் சேமிப்புக்குத் தானாகவே நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பெரிய கோப்புகளின் பொதிகள் ரவுட்டரில் நீண்ட வரிசையாக நிற்க, 20 மில்லிவினாடிக் குரல் பொதி அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றது. நகலெடுப்பை நள்ளிரவுக்கு மாற்றி, ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. இணையத் திட்டத்தைத் தொடவே இல்லை. பதிவேற்ற வேகம் குறைவான இணைப்புகளில் இது மிகச் சாதாரணமாக நடக்கும்.

இதைப் போலவே அடிக்கடி வரும் இன்னொரு கோளாறு, ஒருவர் பேசுவது கேட்கும், மற்றவர் பேசுவது அறவே கேட்காது என்பது. அழைப்பை ஏற்படுத்தும் செய்திகளும் குரல் பொதிகளும் தனித்தனியாகச் செல்வதால், வீட்டு ரவுட்டர் முன்னதை அனுமதித்துவிட்டுப் பின்னதை உள்ளே விடாமல் நிறுத்திவிடும்போது இவ்வாறு ஆகிறது. அழைப்பை ஏற்படுத்தும் அந்தச் செய்திகளின் முறைக்கு எஸ்ஐபி என்று பெயர். பல ரவுட்டர்களில் அதற்கென்று எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஓர் அமைப்பு உண்டு. உதவுவதற்காக வைக்கப்பட்ட அது பெரும்பாலும் செய்திகளைத் தவறாகத் திருத்திக் கெடுத்துவிடுகிறது. சேவை நிறுவனத்தோடு சண்டை போடும் முன் அதை அணைத்துப் பாருங்கள். கூடவே, மேசைத் தொலைபேசியை வைஃபையில் விடாமல் கம்பியில் இணைப்பதும் நல்லது. வைஃபையில் ஒவ்வொரு கருவியும் தன் முறைக்காகக் காத்திருந்து பேசுகிறது. அந்தக் காத்திருப்பே ஜிட்டராக மாறுகிறது.

மின்சாரம் பற்றிய குறையை நான் இவை எல்லாவற்றையும்விடக் கனமாகக் கருதுகிறேன். பழைய தொலைபேசிக் கம்பி குரலோடு சேர்த்து 48 வோல்ட் மின்சாரத்தையும் நிலையத்திலிருந்து கொண்டுவந்தது. நிலையத்தில் மின்கல அடுக்குகளும் மின்னாக்கியும் இருந்தன. ஊர் முழுவதும் இருளில் மூழ்கினாலும் கருவியை எடுத்தால் ஒலி வந்தது அதனால்தான். இணையவழி அழைப்பில் ரவுட்டர், ஒளியிழையின் முனையில் இருக்கும் பெட்டி, தொலைபேசிக் கருவி ஆகிய ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும். புயலும் வெள்ளமும் வரும் நேரத்தில்தான் மின்சாரம் போகும், அதே நேரத்தில்தான் தொலைபேசியும் மிகத் தேவைப்படும். பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையை முழுவதும் மூடுவதற்கு 2025 இறுதி என்று வைத்திருந்த கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனதற்கு, தனியே வாழும் முதியோர் கழுத்தில் அணிந்திருக்கும் உதவி அழைப்புக் கருவிகள் புதிய இணைப்பில் இயங்காமல் போன நிகழ்வுகளும் ஒரு காரணம். தரைவழி இணைப்பை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க வழி செய்து தர வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டால், ரவுட்டருக்கென்று ஒரு சிறு யூபிஎஸ் வாங்கி வையுங்கள். ரவுட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், சாதாரண யூபிஎஸ் கூட அதை நெடுநேரம் தாங்கும்.

அவசர அழைப்பில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தரைவழி எண்ணிலிருந்து அழைத்தால், பேச முடியாத நிலையில் இருந்தாலும், அந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்பதைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இணையவழி எண்ணுக்கு நிலையான இடம் இல்லை. அமெரிக்காவில் இப்படி நேர்ந்த துயரங்களுக்குப் பிறகு, தொலைபேசி வலையோடு இணைந்த இணையவழிச் சேவைகள் 911 அழைப்பைச் சரியான மையத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும், அதற்காக வாடிக்கையாளரின் முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 2005-இல் உத்தரவிட்டது. பதிந்த முகவரி என்பதைக் கவனியுங்கள். வீடு மாறியவர் அதை மாற்ற மறந்தால், உதவி பழைய வீட்டுக்குப் போய் நிற்கும். செயலிகளோ அவசர எண்களை அழைப்பதற்கு உரியவை அல்ல என்று தாங்களே சொல்லிவிடுகின்றன. ஆகவே, குழந்தைகளோ முதியோரோ இருக்கும் வீட்டில் சிம் போட்ட சாதாரணக் கைப்பேசி ஒன்று எப்போதும் மின்னேற்றத்தோடு இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, செயலிகளுக்கும் எண் தரும் சேவைகளுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் குரல் இருமுனை மறையாக்கம் செய்யப்படுகிறது. நடுவில் இருக்கும் நிறுவனம்கூட அதைக் கேட்க முடியாது. பழைய தரைவழிக் கம்பியில் ஒருவர் ஒட்டுக்கேட்க ஏணியும் இடுக்கியும் போதும் என்பதை நினைத்தால், இது பெரிய முன்னேற்றம். எண் தரும் சேவைகளில் எஸ்ஆர்டிபி என்ற மறையாக்கம் 2004 முதல் தரமாக இருந்தும், பல இடங்களில் அதை இயக்காமலே விட்டிருக்கிறார்கள். அங்கே அதே வலையில் அமர்ந்திருக்கும் ஒருவர், இலவசமாகக் கிடைக்கும் கருவியைக் கொண்டு உரையாடலைப் பதிவுசெய்துவிடலாம். இயக்கியிருந்தாலும் அது உங்களுக்கும் சேவை நிறுவனத்துக்கும் இடையில்தான். அதற்கப்பால் குரல் சாதாரணத் தொலைபேசி வலையில் திறந்தே செல்கிறது. மறையாக்கமும் எல்லாவற்றையும் மறைத்துவிடாது. யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியக்கூடியதே. 2008-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒலிக்கேற்ப அளவு மாறும் குறியீட்டு முறைகளில், மறையாக்கம் செய்த பொதிகளின் நீளத்தை மட்டுமே பார்த்துச் சில சொற்றொடர்களை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். 2019 மே மாதம் வாட்ஸ்அப்பின் அழைப்புப் பகுதியில் வெளிப்பட்ட பிழையோ இன்னும் அச்சமூட்டுவது. அழைப்பை எடுக்காவிட்டாலும், அழைப்பு வந்தாலே பெகாசஸ் உளவு மென்பொருளைக் கைப்பேசிக்குள் புகுத்த முடிந்தது. பிழை உடனே திருத்தப்பட்டது. செயலியைப் புதுப்பிக்காமல் விடுபவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது.

பணம் இழக்கும் வழிகளில் அலுவலகங்கள் அறியாதது ஒன்று. எஸ்ஐபி சேவைகள் வழக்கமாக 5060 என்ற எண்ணுள்ள இணைய வாயிலில் (port) காத்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இணையத்தில் அந்த வாயிலை இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. 201 என்ற உள் எண்ணுக்கு 201 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால், வெள்ளி இரவு அதைக் கண்டுபிடித்து, திங்கள் காலை வரை அதிகக் கட்டணம் வசூலிக்கும் வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகளைப் பொழிவார்கள். பட்டியல் உங்கள் பெயருக்கு வரும். தேவையில்லாத வெளிநாட்டு அழைப்புகளைச் சேவை நிறுவனத்திடம் சொல்லி முழுவதும் தடுத்துவைப்பதும், நாளொன்றுக்கு ஒரு செலவு வரம்பு வைப்பதும், நீண்ட கடவுச்சொல் வைப்பதும் முதல் நாளே செய்ய வேண்டியவை. இதே தளர்ச்சியின் மறுபக்கம்தான், வங்கியின் எண்ணையோ காவல் நிலையத்தின் எண்ணையோ திரையில் காட்டி ஏமாற்றும் அழைப்புகள். அழைப்பவர் எண் என்பது இணையவழிச் சேவையில் அனுப்புபவரே நிரப்பக்கூடிய ஒரு கட்டம். அழைப்பைத் தொடங்கும் நிறுவனம் அந்த எண்ணுக்கு மின்கையொப்பமிட வேண்டும் என்ற முறை அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களுக்கு 2021 ஜூன் இறுதியிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. அது எங்கும் பரவும்வரை, திரையில் தெரியும் எண்ணை நம்பி யாருக்கும் எந்தத் தகவலும் கொடுக்கக் கூடாது.

ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதும் கவலைக்குரியது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் வலை அமைப்பில் நேர்ந்த ஒரு தவறால், வாட்ஸ்அப் உலகெங்கும் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோனது. உலகுக்கே இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்த ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் 2025 மே 5 அன்று மூடிவிட்டது. தொலைபேசி எண் என்றால் எந்த நிறுவனத்தின் எண்ணிலிருந்தும் எந்த எண்ணையும் அழைக்கலாம்; செயலிகளில் அந்தப் பொதுமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுச் சந்தைச் சட்டம், பெரிய செய்திச் செயலிகள் பிற செயலிகளோடு இணைந்து இயங்க வழிவிட வேண்டும் என்கிறது. செய்திகளுக்கு முதலிலும், குரல் அழைப்புகளுக்குப் பின்னரும் காலக்கெடு வைத்திருக்கிறது. அது நடைமுறையில் வெற்றி பெற்றால், இந்தத் துறைக்கு அதைவிடப் பெரிய நன்மை வேறு இராது என்று நான் நம்புகிறேன். வெளிநாடு செல்பவர்கள் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்: ஐக்கிய அரபு அமீரகம் போன்ற சில நாடுகளில் வாட்ஸ்அப், ஃபேஸ்டைம் அழைப்புகள் நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டு, அனுமதி பெற்ற செயலிகள் மட்டுமே இயங்கிவந்துள்ளன.

மாறுவது என்று முடிவுசெய்தால், வரிசை முக்கியம். பழைய இணைப்பில் பேச்சைத் தவிர வேறு என்னென்ன தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று முதலில் பாருங்கள்: தொலைநகல், திருட்டு எச்சரிக்கை மணி, மின்தூக்கிக்குள் இருக்கும் உதவித் தொலைபேசி, அட்டை தேய்க்கும் பழைய கருவி. இவை மனிதக் குரலை அனுப்புவதில்லை, ஒலிக்குறிகளை அனுப்புகின்றன. குரலைச் சுருக்கும் முறைகள் அந்தக் குறிகளைச் சிதைத்துவிடும். தொலைநகலுக்கு டி.38 என்ற தனி முறையைச் சேவை நிறுவனம் தருகிறதா என்று கேளுங்கள், மற்றவற்றுக்கு அந்தந்தக் கருவியை வைத்தவர்களிடம் எழுத்தில் உறுதி பெறுங்கள். வங்கியும் அரசுத் தளங்களும் ஓடிபி அனுப்பும் எண்ணாக இணையவழி எண்ணைக் கொடுக்காதீர்கள். பல நிறுவனங்கள் அத்தகைய எண்களை ஏற்பதில்லை, அதற்குக் கைப்பேசி எண்ணே சரி. பிறகு புதிய சேவையைத் தற்காலிக எண்ணோடு வாங்கி, பழைய இணைப்போடு சேர்த்துச் சில வாரங்கள் ஓட்டிப் பாருங்கள். பரபரப்பான நேரத்தில் பேசுங்கள், யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போது பேசுங்கள், மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். நிறைவாக இருந்தால், பழைய எண்ணைப் புதிய சேவைக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பியுங்கள். அந்த மாற்றம் முடிந்து, புதிய கருவியில் பழைய எண்ணுக்கு அழைப்பு வருவதைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யச் சொல்லாதீர்கள். ரத்தான எண்ணைப் பொதுவாக மாற்றித் தர மாட்டார்கள். அது வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டால் திரும்பவும் கிடைக்காது.